மேட்ச் எந்த சேனலில்? கேபிள், ஆப், டிஷ் அனுபவங்கள்

திருநெல்வேலி பக்கம், கேபிள் இணைப்பு

அப்பா கிரிக்கெட்டை டிவியில் மட்டும்தான் பார்ப்பார். போன் திரையில் பந்து தெரிவதில்லை என்பார். விளையாட்டு சேனல் பேக்கை எடுத்துவிட்ட ஒரு மாதம், இந்தியா ஆடிய ஒருநாள் போட்டிக்காக தூர்தர்ஷனின் விளையாட்டு சேனலான டிடி ஸ்போர்ட்ஸ் வைத்தோம். அதில் வேறு ஏதோ நிகழ்ச்சி ஓடியது. அதே நேரம் எதிர்வீட்டில் அதே டிடி ஸ்போர்ட்ஸில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டில் இருப்பது ஃப்ரீ டிஷ், அதாவது மாதக் கட்டணம் இல்லாத தூர்தர்ஷன் டிஷ்.

காரணம் அப்புறம்தான் தெரிந்தது. தேச முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களின் சிக்னலைத் தூர்தர்ஷனுக்கும் தர வேண்டும் என்று 2007-இல் சட்டம் வந்தது. விளம்பர வருமானத்தில் 75 சதவீதம் ஒளிபரப்பு உரிமை வாங்கியவருக்கு, 25 சதவீதம் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்கு. ஆனால் அந்த சிக்னல் தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே போகலாம், தனியார் கேபிள், டிடிஹெச் வழியாகப் போகக்கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோடிகள் கொடுத்து உரிமை வாங்கியவர் பக்கம் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. இலவசமாகக் கிடைத்தால் அவருடைய சேனலை யார் வாங்குவார்கள்? ஆனாலும் மாதாமாதம் கேபிளுக்குப் பணம் கட்டும் வீட்டில் தூர்தர்ஷன் மேட்ச் வராது, கட்டாத வீட்டில் வரும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

விருதுநகர் மாவட்டம், கேபிள் தொழில்

சார், இதற்கெல்லாம் திட்டு வாங்குவது நாங்கள்தான். 2019 பிப்ரவரியில் டிராயின் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின்) புதிய கட்டண முறை வந்தது. அப்போது 100 சேனலுக்கு 130 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 153.40. கட்டணச் சேனல் வேண்டுமென்றால் தனிக் காசு. அன்றிலிருந்து ஐபிஎல் தொடங்கும்போது பேக் போடுவார்கள், ஃபைனல் முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. வசூலுக்குப் போகிறவன் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கணக்கு சொல்ல வேண்டியிருக்கிறது.

மறக்க முடியாதது 2023 பிப்ரவரி. விலை தகராறில் பெரிய ஒளிபரப்பாளர்கள் பல கேபிள் நிறுவனங்களுக்கு சிக்னலை நிறுத்தினார்கள். டெல்லியில் ஆஸ்திரேலியாவுடன் டெஸ்ட் நடந்துகொண்டிருந்தது. என் போன் ஓயவே இல்லை. என் கையில் எதுவும் இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அடுத்த மாதமே ஐபிஎல். 2022 ஜூன் ஏலத்தில் ஐந்து சீசனுக்கு இந்திய டிவி உரிமை ஸ்டாருக்கு 23,575 கோடி, டிஜிட்டல் உரிமை வயாகாம்18-க்கு 20,500 கோடி என்று இரண்டு கைக்குப் போயிருந்தது. டிஜிட்டல் பக்கம் வயாகாம்18-இன் ஜியோசினிமா ஆப்பில் இலவசம் என்றார்கள். டிவியில் காசு, போனில் இலவசம், ஆட்டம் ஒன்றே. என் லைனில் இளம் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் முதலில் போயின. போனவர்கள் பெரும்பாலும் திரும்பவில்லை.

சென்னை, வேலைக்கு வந்தவன்

அந்த 2023, 24 இரண்டு சீசனும் எங்கள் ரூமில் கொண்டாட்டம்தான். ஒரே குறை, ஆப்பில் படம் பின்தங்கி வரும். கீழ் வீட்டு டிவியில் கத்தினால் எங்களுக்கு விக்கெட் என்று தெரிந்துவிடும், பந்து இங்கே இன்னும் போட்டிருக்க மாட்டார்கள்.

2024 நவம்பரில் ஸ்டாரும் வயாகாம்18-உம் இணைந்தன. 2025 பிப்ரவரி 14-இல் ஜியோஹாட்ஸ்டார் என்ற ஒரே ஆப் வந்தது. சந்தா அல்லது அதற்கான ரீசார்ஜ் இல்லாமல் முழு மேட்ச் பார்க்க முடியாமல் போனது. நிறுவனங்களுக்குள் போட்டி இருந்தவரை இலவசம், போட்டியாளர்கள் ஒன்றானதும் கட்டணம். எனக்கு இதுதான் கோபம்.

எட்டயபுரம் பக்கம், ஃப்ரீ டிஷ்

முதலில் எழுதியவருக்கு: கேபிளை வைத்துக்கொண்டே ஃப்ரீ டிஷ்ஷும் போடலாம். டிஷ், பெட்டி வாங்கும் செலவோடு சரி, மாதக் கட்டணம் இல்லை. டிவியில் இன்புட் மாற்ற வேண்டும், ரிமோட் இரண்டாகும். அதை அப்பாவுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். இந்திய ஆண்கள் அணியின் ஒருநாள், டி20 ஆட்டங்கள் அரசின் பட்டியலில் இருக்கின்றன. டெஸ்டில் முக்கியமானவை என்று அரசு கருதுபவை மட்டும். ஐபிஎல் அந்தப் பட்டியலிலேயே இல்லை, அதற்காக டிஷ் வாங்க வேண்டாம்.