அட்டைனி13-ல் மூணு டச் பட்டன்: தொட்டாலும் தெரியல, நடுவுல தானா ரீசெட் ஆகுது

அல்சூர்வாசி:
வணக்கம். பூஜை அறை விளக்குக்கு மூணு டச் பட்டன் வைக்கிறேன்: ஆன்/ஆஃப், கூட்ட, குறைக்க. சாதா ஸ்விட்ச் அம்மாவோட எண்ணெய்க் கையில ஒரு மாசத்துல பிசுபிசுத்துப் போயிடுது. அதான் 3 மி.மீ. அக்ரிலிக், அதுக்குப் பின்னாடி 20 மி.மீ. வட்டமா காப்பர் டேப். பெங்களூரு எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு எஸ்.பி. ரோட்ல வாங்கின அட்டைனி13ஏ, நிரல் போட்டு ஓட்டுற குட்டி மைக்ரோகன்ட்ரோலர் சிப். ஒவ்வொரு பேடுக்கும் (அந்தக் காப்பர் வட்டம்) 1 மெகா ஓம் புல்-அப், அதாவது சப்ளைக்கு இழுக்கிற ரெசிஸ்டர். சிப்போட பின்னை லோ ஆக்கி, பிறகு இன்புட் ஆக்கி, ஹை ஆகிற வரைக்கும் எண்ணுறேன். விரல் பட்டா ஹை ஆக நேரமாகும், எண் கூடணும்.

தொட்டாலும் தொடாட்டியும் 3 தான் வருது, எப்பவாவது 4. போதாததுக்கு சில நிமிஷத்துல ரீசெட். கம்பைலர் ரேம்ல 58 பைட்னு காட்டுது. இருக்கிறது 64. இடம் இருக்கே?

மாரத்தஹள்ளி:
எஸ்.பி. ரோடு வரை போனவர் அங்கேயே மூணு டிடிபி223 ரெடிமேட் டச் மாட்யூல் வாங்கியிருக்கலாமே!

அல்சூர்வாசி:
அக்ரிலிக்கை வெட்டி ஒட்டி முடிச்சாச்சுங்க. இனி பின்னாடி மாட்யூலுக்கு இடமில்ல.

பழைய சால்டர்:
தம்பி, ரெண்டும் வேற வேற கோளாறு.

முதல்ல 3. அந்தச் சிப் கடையிலிருந்து வரும்போதே கடிகாரத்தை 8-ஆல வகுக்கிற ஃபியூஸோடதான் (சிப்புக்குள்ள இருக்கிற நிரந்தர செட்டிங்) வரும். 9.6 மெகாஹெர்ட்ஸ்னு நீ நினைக்கிறே, அது 1.2-ல நடக்குது. பேடு சார்ஜ் ஆக பத்துப் பதினஞ்சு மைக்ரோசெகண்ட்தான். அதுக்குள்ள உன் லூப் மூணு சுத்துதான் சுத்தும். விரல் கூட்டுறது ரெண்டு மூணு பிகோஃபாரட் (மின்னூட்டம் தேக்குற அளவு). மூணுல எங்க தெரியப் போகுது? ஃபியூஸைத் தொட வேண்டாம். நிரல் தொடக்கத்துல கடிகார வேகத்தை வைக்கிற சிஎல்கேபிஆர் ரெஜிஸ்டர்ல (சிப்புக்குள்ள ஒரு பைட் இடம்) ஹெக்ஸ் 80, உடனே 0 எழுது. நாலு சைக்கிளுக்குள்ள ரெண்டாவது போகணும். பிறகு 16 தடவை எண்ணிக் கூட்டு.

ரீசெட்: 58-ல ஸ்டாக் (நிரல் ஓடுறப்ப ரேம்ல தற்காலிகமா எடுத்துக்கிற இடம்) கணக்கு கிடையாது. மிச்சம் 6 பைட். ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டாலே திரும்பி வர முகவரிக்கு 2 போயிடும், இன்டரப்ட் (ஓடுற வேலையை நடுவுல நிறுத்துற அழைப்பு) வந்தா ரெஜிஸ்டர்களும் அங்கதான் ஏறும். சராசரிக்கு அரே (ரீடிங்கை வரிசையா வைக்கிற இடம்) வச்சிருக்கியா?

அல்சூர்வாசி:
ஆமாண்ணே. பட்டனுக்கு 8 ரீடிங், ஒண்ணு 2 பைட். 48.

பழைய சால்டர்:
அதைத் தூக்கிப் போடு. பட்டனுக்கு ஒரே ஒரு 16 பிட் எண் போதும், அதுல சராசரியோட 16 மடங்கை வை. ஒவ்வொரு தடவையும் அதுல 16-ல ஒரு பங்கைக் கழிச்சுப் புது ரீடிங்கைக் கூட்டு. நாலு பிட் வலப்பக்கம் தள்ளினா சராசரி. மடங்கு இல்லாம நேரா வகுத்தா 16-க்குக் கீழே இருக்கிற வித்தியாசம் காணாமப் போயிடும். நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. விரல் இருக்கிறப்ப சராசரியைப் புதுப்பிக்காதே, இல்லேன்னா விரலையே அது முழுங்கிடும். ஃப்ளோட் (தசம எண்) பக்கம் தலை வச்சுப் படுக்காதே, நிரல் வைக்கிற ஃபிளாஷே 1 கேபிதான்.

அல்சூர்வாசி:
அண்ணே, தொடாதப்ப 415, தொட்டா 460! ரீசெட்டும் நின்னுடுச்சு. ஆனா ‘குறைக்க’வைத் தொட்டா ‘கூட்ட’வும் ஏறுது.

பழைய சால்டர்:
ஒயர் மூணையும் சேர்த்துக் கட்டியிருக்கியா? அப்படின்னா ஒண்ணைத் தொட்டா பக்கத்து ஒயருக்கும் தாவும்.

அல்சூர்வாசி:
டேப் போட்டு அழகா சுத்தியிருந்தேன். இப்ப பிரிச்சாச்சு, சிலந்திக்கூடு மாதிரி இருக்கு, ஆனா சரியா வேலை செய்யுது. அம்மா ஈரத்துணியால துடைச்சா மட்டும் விளக்கு ஆடுது.

பழைய சால்டர்:
துடைக்கிறப்ப மூணும் ஒண்ணா ஏறும். ஒண்ணுக்கு மேல ஏறினா எதையும் கண்டுக்காதேன்னு ஒரு வரி போடு. அதுக்கு இடம் இருக்கும்.