புதுப்பிப்பு: ஐடிலில் அணைந்த 100 சிசி வண்டி சரியானது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டிருந்தது இது: மன்னார்குடியில் ஓடும் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) வண்டி, சூடானதும் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் திருகாமல் இன்ஜின் மெல்ல ஓடும்போது, அணைகிறது, சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டுவது) போட்டால் ஓடுகிறது.

“பைலட் ஜெட்டைப் பாருங்கள்” என்றதுதான் பலித்தது; ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் நுண்துளைப் பாகம் அது. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தில் தண்ணீர்த் துளிகளும் பழுப்பு வண்டலும் இருந்தன. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். அடைமழையில் நாள்கணக்கில் நிறுத்திய வண்டியைக் கவனியுங்கள். ஜெட்டைக் கழற்றி, கார்ப் கிளீனர் அடித்து, ஒற்றைச் செம்பு இழையால் துளையைத் திறந்தேன். ஊசி வேண்டவே வேண்டாம், துளை பெரிதாகிவிடும்.

எதிர்பாராதது: அப்புறமும் ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) ஏறி இறங்கியது. கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் இன்டேக் மேனிஃபோல்டின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) காய்ந்து தட்டையாகிக் காற்று இழுத்திருக்கிறது. புதிது போட்டு, ஏர் ஸ்க்ரூவை (ஐடிலுக்கான காற்றைக் கூட்டிக் குறைக்கும் திருகு) மெல்ல மூடி 2 சுற்று திறந்து, சூடான இன்ஜினில் ஐடிலை 1400 ஆர்பிஎம்மில் வைத்தேன். இப்போது அணைவதில்லை.