டாக்டர் ஹூ: 2வது சீசன்ல டாக்டரே வேற ஆள், சப்டைட்டிலும் பொருந்தல. அவசர உதவி

தாமரைக்குளம்_ரவி
அம்மாவும் நானும் ராத்திரிக்கு ஒரு எபிசோடுன்னு டாக்டர் ஹூங்கிற பிரிட்டிஷ் அறிவியல் கற்பனைத் தொடரைப் பார்த்துட்டு வர்றோம். முதல் சீசன் முடிஞ்சது. நேத்து 2வது சீசன் முதல் எபிசோடு போட்டா டாக்டரா வேற யாரோ வர்றார். கூட இருக்கிற பொண்ணு ஒண்ணுமே நடக்காத மாதிரி இவரோட சிரிச்சுப் பேசிட்டுப் போகுது. சப்டைட்டிலும் பொருந்தல. அம்மாவுக்கு ரெண்டு காதும் சரியா கேக்காது, எழுத்து இல்லாம பார்க்க முடியாது. "அவர் எங்கடா?"ன்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டாங்க. நான் எதை விட்டுட்டேன்? இன்னைக்கு ராத்திரிக்குள்ள தெரிஞ்சா நல்லது.

விழுப்புரம்வாசி
எந்த முதல் சீசன் ப்ரோ? இந்தத் தொடர்ல 1963லயும் ஒரு 1 இருக்கு, 2005லயும் ஒரு 1 இருக்கு, 2024லயும் மறுபடி 1ன்னு ஆரம்பிச்சாங்க. எந்த வருஷம், எதுல பார்க்கிறீங்க, டாக்டரா நடிச்சவர் யாரு? இதைச் சொல்லாம யாராலயும் உதவ முடியாது.

ஃப்ரேம்ரேட்_பாபு
சப்டைட்டில் பிரச்சினைக்கு ஃப்ரேம் ரேட்தான் காரணமா இருக்கும். பிரிட்டிஷ் ஒளிபரப்பு நொடிக்கு 25 ஃப்ரேம். 23.976க்குத் தயாரிச்ச எழுத்தை அதுல போட்டா நிமிஷத்துக்கு நிமிஷம் விலகும். 45 நிமிஷ எபிசோடு முடியறப்போ ஒண்ணே முக்கால் நிமிஷத்துக்கு மேல தள்ளி நிக்கும். ஆரம்பத்துல சரியா இருந்து போகப் போக விலகுதா, இல்ல முழுக்க ஒரே அளவு தள்ளி வருதா? ஒரே அளவுன்னா விஎல்சி வீடியோ ப்ளேயர்ல ஜி, எச் கீயை அழுத்தினா போதும். ஒரு அழுத்துக்கு 50 மில்லி செகண்ட் நகரும்.

பழையபெட்டி
முதல் சீசன் என்பது ஒன்றுதான். 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கியது அது. வில்லியம் ஹார்ட்னெல் முதல் டாக்டர். முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர் என்பதுகூட இங்கே பலருக்குத் தெரியாது. அங்கிருந்து 1989 வரை 26 சீசன்கள். நடுவில் வந்து ஏறிக்கொண்டு "ஆள் மாறிவிட்டார்" என்று பதறுவோருக்கு எத்தனை முறை பதில் சொல்வது? தேடல் பெட்டி எதற்கு இருக்கிறது? முறையாக முதலிலிருந்து பாருங்கள்.

மழைக்கால_மீரா
பழையபெட்டி சார், முதலிலிருந்து பார்க்கச் சொல்றீங்க. 1960கள்ல எடுத்ததுல 90க்கும் மேற்பட்ட எபிசோடுகள் இன்னைக்கும் கிடைக்கவே இல்லையே. ஹார்ட்னெல் ட்ரவுட்டனா மாறுற கதையோட கடைசிப் பகுதியும் தொலைஞ்சதுல சேர்த்திதான். காது கேக்காத ஒரு அம்மாவுக்கு அதைச் சொல்லலாமா?

ரவி, ஆள் மாறினது உங்க ஃபைல் கோளாறு இல்ல. 1966ல ஹார்ட்னெல் உடம்பு முடியாம விலக வேண்டி வந்தது. தொடரை நிறுத்த மனசில்லாம, டாக்டர் சாகப் போறப்போ உடம்பை மாத்திக்குவார்னு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. பேட்ரிக் ட்ரவுட்டன் வந்தார். அன்னையிலிருந்து இது நடந்துட்டே இருக்கு. நினைப்பு அதே, குணமும் முகமும் வேற. இது யாரோ புது ஆள் இல்ல, அதே டாக்டர்தான்னு அம்மாகிட்ட சொல்லுங்க.

கப்பால்டி_ரசிகன்
என் யோசனை வேற. நேரா, பின்னாடி டாக்டரா வந்த பீட்டர் கப்பால்டிக்குப் போங்க. 'ஹெவன் சென்ட்'டுன்னு 2015ல வந்த எபிசோடு, கிட்டத்தட்ட முழுக்க அவர் ஒருத்தரே. துக்கத்துல இருக்கிற மனுஷன் ஒரு கோட்டைக்குள்ள சிக்கி, வைரத்தை விடக் கடினமான சுவரைக் கையால குத்திக் குத்தி உடைக்கிறார். அதைப் பார்த்த பிறகு வேற டாக்டரைப் பத்திப் பேச்சே வராது.

விழுப்புரம்வாசி
முதல்ல அவர் எந்த வருஷம்னு சொல்லட்டும்ங்க.

தாமரைக்குளம்_ரவி
மன்னிக்கணும், கடையில இருந்தேன். 2005. கருப்புத் தோல் ஜாக்கெட், ஒட்ட வெட்டின முடி, பேர் கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன்னு போடுது. மாமா பையன் கொடுத்த ஹார்ட் டிஸ்க்ல இருந்து பார்க்கிறோம். புது ஆள் ஒல்லியா, கோடு போட்ட கோட்டு சூட்டு.

மழைக்கால_மீரா
எக்கிள்ஸ்டன்! இருந்தது 13 எபிசோடுதான். அம்மா ஏன் எழுந்து போனாங்கன்னு புரியுது. அவர் சிரிப்பைக் கவனிச்சிருப்பீங்க. வாய் முழுக்கச் சிரிப்பார், அடுத்த நொடி அது அணைஞ்சு போகும். தன் இனமே அழிஞ்ச போர்ல தப்பி நிக்கிறவரோட முகம் அது. சங்கிலியில கட்டிப் போட்ட டாலெக் (இயந்திரக் கூட்டுக்குள்ள இருக்கிற அவரோட பரம எதிரி) முன்னாடி அவர் கத்துற இடத்துல நான் பயந்தது டாலெக்குக்கு இல்ல, அவருக்குத்தான். 2021லிருந்து ஆடியோ நாடகங்கள்ல மறுபடி டாக்டரா வர்றார், அம்மாகிட்ட சொல்லுங்க.

விழுப்புரம்வாசி
மீரா, அம்மாவுக்குக் காது கேக்காதுங்க.

மழைக்கால_மீரா
ஆமா. ரவி, மன்னிச்சுடுங்க. அவசரத்துல எழுதிட்டேன்.

டென்னன்ட்_தம்பி
அதுக்காக அடுத்து வர்றவரைக் குறைச்சுப் பேசாதீங்க அக்கா. டேவிட் டென்னன்ட் நிறுத்தாம பேசுவார், துள்ளுவார், அதனால லேசானவர்னு நினைக்கிறாங்க. வந்த முதல் கதையிலேயே, தப்பு பண்ணின பிரதமரை ஆறே வார்த்தையில பதவியிலிருந்து இறக்குறார். எக்கிள்ஸ்டன் கோபப்பட்டா வெளியில தெரியும். இவர் கோபம் குரல் தாழ்ந்து வரும், அதுதான் இன்னும் பயம்.

கப்பால்டி_ரசிகன்
டென்னன்ட் நல்லவர்தான். ஆனா போறப்போ போக மனசில்லன்னு அழுது போறார். எக்கிள்ஸ்டன் அந்தப் பொண்ணுக்காக, சிரிச்ச முகத்தோட போனார். டாக்டர் அப்படித்தான் போகணும்.

டென்னன்ட்_தம்பி
சாக மனசில்லாம இருக்கிறது குத்தமா அண்ணா? இவருக்கு அடுத்து டாக்டரா வந்த மேட் ஸ்மித்தும்தான் கண் கலங்கினார்.

பழையபெட்டி
டாம் பேக்கர் ஏழு ஆண்டுகள் நடித்தார், 1974 முதல் 1981 வரை. இன்றுவரை தொலைக்காட்சியில் அவரளவு தொடர்ந்து யாரும் நடித்ததில்லை. ட்ரவுட்டன் தோற்றிருந்தால் இரண்டாவது ஆளோடு தொடரே முடிந்திருக்கும். இவர்களைப் பார்க்காமல் ஒப்பிடும் எவருக்கும் ஒப்பிடும் தகுதி இல்லை. மேலும், 2013இல் எக்கிள்ஸ்டனுக்கு முந்தைய டாக்டராக ஜான் ஹர்ட் வந்த பிறகு எக்கிள்ஸ்டனை 9வது என்று எண்ணுவதே கேள்விக்குரியது.

டென்னன்ட்_தம்பி
ஹர்ட் வந்தது டாக்டர்ங்கிற பேரையே வேண்டாம்னு விட்ட ஒருத்தரா. அதனாலதான் எண்ணிக்கையில சேர்க்கல, 9 எப்பவும் 9தான்.

விழுப்புரம்வாசி
இழை எங்கேயோ போகுது. ரவி, பாபு கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

தாமரைக்குளம்_ரவி
முதல் வரியிலிருந்தே பொருந்தல. திரையில பூனை முகம் வச்ச நர்ஸுங்க, கீழ எழுத்துல கிறிஸ்மஸ் மரம் ஆளைக் கொல்ல வருதுன்னு கத்துறாங்க. மரமே இல்ல.

ஃப்ரேம்ரேட்_பாபு
அப்போ விலகல் ரொம்பப் பெருசு. 25க்கு மாத்திப் பாருங்க, அப்பவும் சரியாகும்னு நினைக்கிறேன்.

நெல்லை_யாழினி
பாபு அண்ணா, ஃப்ரேம் ரேட் மாறினா மரம் முளைக்காது. அது வேற எபிசோடோட எழுத்து.

ரவி அண்ணா, மூணு விஷயம் பாருங்க. அந்த ஃபோல்டர்ல எத்தனை வீடியோ, எத்தனை எஸ்ஆர்டி (சப்டைட்டில்) ஃபைல்? முதல் எஸ்ஆர்டியை நோட்பேட்ல திறந்தா கடைசி வரியோட நேரம் என்ன? ஹார்ட் டிஸ்க்ல 'ஸ்பெஷல்ஸ்'னு தனியா ஃபோல்டர் இருக்கா?

தாமரைக்குளம்_ரவி
வீடியோ 13. எஸ்ஆர்டி 14. கடைசி வரி கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்துல வருது, எபிசோடு 45 நிமிஷம்தான். ஸ்பெஷல்ஸ் ஃபோல்டர் இருக்கு, படப்பிடிப்புக் காட்சி ஏதோன்னு நினைச்சுத் திறக்கல.

நெல்லை_யாழினி
கிடைச்சிடுச்சு அண்ணா.

முதல் சீசன் 2005 ஜூன்ல முடிஞ்சது. 2வது சீசனோட முதல் எபிசோடு 'நியூ எர்த்' வந்தது 2006 ஏப்ரல். நடுவுல, 2005 டிசம்பர் 25 அன்னைக்கு 'த கிறிஸ்மஸ் இன்வேஷன்'னு ஒரு மணி நேர ஸ்பெஷல் வந்தது. புது டாக்டர் அறிமுகமாகிறதே அதுலதான். அது எந்த சீசன் எண்ணிலயும் சேராததால, வரிசைப்படுத்துறவங்க ஸ்பெஷல்ஸ்ல போட்டுடுவாங்க. உங்க சப்டைட்டில் தொகுப்பைத் தயாரிச்சவர் மட்டும் அதையே 1ன்னு எண்ணியிருக்கார். யாரோ பேரை வீடியோவுக்கு ஏத்தபடி மாத்தியிருக்கணும், ப்ளேயர் அதே பேர் இருக்கிற எழுத்தைத் தானா எடுத்துக்கும். அதனால 13 எபிசோடுக்கும் எழுத்து ஒண்ணு ஒண்ணு தள்ளி நிக்குது. முதல் எஸ்ஆர்டிக்கு ஸ்பெஷல் வீடியோவோட பேரை வைங்க. அப்புறம் 2வதை 1ஆ, 3வதை 2ஆன்னு வரிசையா இறக்குங்க.

ஒண்ணு மட்டும் இடிக்குது. முதல் சீசனோட கடைசி நிமிஷத்துலயே முகம் மாறி டென்னன்ட் நிப்பாரே, அதைப் பார்க்கலையா?

தாமரைக்குளம்_ரவி
அந்த எபிசோடுல கரண்ட் போயிடுச்சு. டாலெக் எல்லாம் தூளாகிப் போச்சு, அதோட கதை முடிஞ்சதுன்னு விட்டுட்டோம். அது முக்கியம்னு தோணல, அதான் சொல்லல.

நெல்லை_யாழினி
அதுதான் முக்கியமே அண்ணா! அவர் அந்தப் பொண்ணுகிட்ட விடை சொல்றதே அங்கதான். அம்மா அவர் போறதையே பார்க்காம, அடுத்தவரைப் பார்த்திருக்காங்க. யாரா இருந்தாலும் எழுந்துதான் போவாங்க.

இன்னைக்கு ராத்திரி இப்படிப் பாருங்க. முதல்ல 13வது எபிசோடோட கடைசிப் பத்து நிமிஷம். அடுத்து, ஸ்பெஷல்ஸ்ல ஏழு நிமிஷக் காட்சி ஒண்ணு இருக்கும், 2005 நவம்பர்ல ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சிக்காக எடுத்தது. இவர்தான் அவர்னு கூட இருக்கிற அந்தப் பொண்ணு ரோஸும் நம்ப மாட்டா, உங்க அம்மா மாதிரியேதான். நாம முதல்ல சந்திச்சப்போ உன் கையைப் பிடிச்சு ஒரே ஒரு வார்த்தை சொன்னேன், ஓடுன்னு, அப்படின்னு அவர் ஞாபகப்படுத்துவார். அதுக்கு எழுத்து ஃபைல் இல்லேன்னா நீங்களே ஒரு தாள்ல எழுதிக் காட்டுங்க, விட்டுடாதீங்க. அப்புறம் கிறிஸ்மஸ் ஸ்பெஷல். அதுல டாக்டர் பாதி நேரத்துக்கு மேல படுக்கையில கிடப்பார். புது ஆள்கிட்ட பழக நமக்கும் ரோஸுக்கும் சேர்த்தே அவகாசம் கொடுத்திருக்காங்க. யார் ஒசத்தின்னு அம்மா அப்புறம் முடிவு பண்ணட்டும்.

ஃப்ரேம்ரேட்_பாபு
யாழினி சொல்றது சரி. மரம்னு படிச்சப்பவே நான் யோசிச்சிருக்கணும்.

பழையபெட்டி
சிறப்பு அத்தியாயங்களின் வரிசை பற்றி நான் முன்பே ஒரு இழையில் எழுதியிருக்கிறேன்.

கப்பால்டி_ரசிகன்
ரவி, ஒரு சின்னத் தகவல். 4வது சீசன்ல பாம்பேய் கதை வரும். அதுல குடும்பத் தலைவரா வர்றவர் கப்பால்டிதான், டாக்டராகறதுக்கு ஆறு வருஷம் முன்னாடி. அந்த முகத்தை அம்மாவை ஞாபகம் வச்சுக்கச் சொல்லுங்க. பின்னாடி அதுக்கு ஒரு காரணமும் சொல்லுவாங்க.

டென்னன்ட்_தம்பி
அம்மா என்ன சொன்னாங்கன்னு கட்டாயம் எழுதுங்க அண்ணா.

தாமரைக்குளம்_ரவி (மூணு நாள் கழிச்சு)
எழுத்து சரியாகிடுச்சு, 14ம் பேர் மாத்தினேன். பழைய டாக்டர் போறப்போ அம்மா அழுதாங்க. டீ ஆவி பட்டுப் புதுசா வந்தவர் கண் முழிச்சப்போ நிமிர்ந்து உட்கார்ந்தாங்க. இப்போ 4வது எபிசோடு. எல்லாருக்கும் நன்றி.

நெல்லை_யாழினி
சந்தோஷம் அண்ணா. 13வது முடிஞ்சதும் 3வது சீசனுக்குப் போயிடாதீங்க, நடுவுல 'த ரன்அவே பிரைட்' இருக்கு. அதுவும் ஸ்பெஷல்ஸ் ஃபோல்டர்லதான். 3வது சீசன் எழுத்தையும் இப்பவே எண்ணிப் பார்த்துடுங்க.