தினமும் ஒரு சின்ன உதவி: பத்து நாளில் நின்றுபோகாமல் பழக்கமாக்குவது எப்படி?

பாணஸ்வாடி_புதுக்குடித்தனம் கேட்டது:
பெங்களூர்ல 48 வீடு இருக்கிற அபார்ட்மெண்ட், கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போறோம். தினமும் யாருக்காவது ஏதாவது ஒரு உதவி செய்யணும்னு ஆரம்பிச்சா பத்து நாள்கூட நிலைக்கிறதில்லை. பணம் கொடுக்கிறதைப் பற்றிக் கேட்கலை. கையால் செய்யறது, பெரிசா நேரம் எடுக்காதது வேணும். பழக்கமா ஆக எத்தனை நாள் ஆகும்? எங்கே தவறிப்போகுது? கேட்டுக்கு வெளியே டெலிவரிப் பையன்களுக்கு ஒரு மண்பானை வைக்கலாம்னும் ஒரு யோசனை இருக்கு.

அல்சூர்_அக்கா:
தம்பி, "யாருக்காவது, ஏதாவது" என்கிறதுலதான் ஓட்டை இருக்கு. யாருக்கு, என்ன, எப்போன்னு தினமும் புதுசா முடிவெடுக்க வேண்டியிருந்தா வேலை மும்முரத்துல அதுதான் முதல்ல கழண்டுபோகும். ஒரே ஒரு செயலை எடுங்க. ஏற்கெனவே தவறாம நடக்கிற ஒண்ணோட அதைக் கட்டுங்க. பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறக்கும்போது, வண்டிச் சாவி எடுக்கும்போது, லிஃப்ட்ல கால் வைக்கும்போது. அதுக்கு வேண்டிய பொருளும் அந்த இடத்திலேயே இருக்கணும். ஆட்டோக்காரருக்குச் சரியான சில்லறை கொடுக்கணும்னா பத்து ரூபாய் நோட்டுகள் சாவி மாட்டுற ஆணிப் பக்கத்துலயே ஒரு டப்பாவுல இருக்கட்டும். பீரோவுல இருந்தா எடுக்க மாட்டீங்க.

நாள் கணக்கு கேட்டீங்க. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலியும் கூட இருந்தவங்களும் 96 பேரை 12 வாரம் கவனிச்சு 2010ல வெளியிட்ட ஆய்வுல, ஒரு செயல் தன்னால வர்ற அளவுக்குப் பழக சராசரியா 66 நாள். ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் 18 நாள்லேருந்து 254 நாள் வரைக்கும் மாறும்னு கணக்குப் போட்டாங்க (12 வாரத்துக்கு மேல போற எண்ணிக்கை அவங்க கணிப்பு). அவங்க பார்த்தது சாப்பாடு, தண்ணி, உடற்பயிற்சி மாதிரியான பழக்கங்கள். உதவிக்கும் இதே கணக்கு அப்படியே பொருந்தும்னு சொல்லிட முடியாது. ஆனா ஒரு நாள் விட்டுப்போனதால பழக்கம் கெட்டுப்போகலைன்னு அதுல தெரிஞ்சதை மனசுல வைங்க. பத்தாவது நாள் விட்டுப்போனா பதினோராவது நாள் செய்யுங்க, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, அவசரம். 1973ல பிரின்ஸ்டன்ல டார்லி, பேட்சன்னு ரெண்டு பேர் இறையியல் மாணவர்களை வச்சு ஒரு சோதனை செஞ்சாங்க. வழியில ஒருத்தர் முடியாம சரிஞ்சு கிடக்கிறார். அவகாசம் இருந்தவங்கள்ல 63 சதவீதம் பேர் உதவினாங்க. நேரமாச்சுன்னு விரட்டப்பட்டவங்கள்ல 10 சதவீதம் பேர்தான். அதனால நம்ம ஊர் டிராஃபிக்ல பத்து நிமிஷம் முன்னாடி கிளம்புறதையே முதல் பழக்கமா வச்சுக்கோங்க. மத்தது அதுக்குப் பின்னாடி வரும்.

குப்பை_பிரிப்பவர்:
எங்கே ஆரம்பிப்பது என்றால் என் பதில் குப்பை வாளி. காலையில் வரும் பௌரகார்மிகர்கள் (நகரத் துப்புரவுப் பணியாளர்கள்) பல நேரம் வெறுங்கையால்தான் பிரிக்கிறார்கள். அவர்கள் கையில் ஏறும் கண்ணாடிச் சில் நம் வீட்டிலிருந்து போனது.

உடைந்த டம்ளரை நாலைந்து தாள் செய்தித்தாளில் சுருட்டி, அட்டைப் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் டேப் ஒட்டுங்கள். மேலே கன்னடத்தில் "காஜு" (கண்ணாடி) என்று பெரிதாக எழுதி, வாளிக்குள் போடாமல் தனியாகக் கையில் கொடுங்கள். பிளாஸ்டிக் கவரில் மட்டும் கட்டினால் வண்டியில் அழுத்தும்போது கிழித்துக்கொண்டு வெளியே வரும். சவர பிளேடுக்குப் பழைய தகர டப்பா. இன்சுலின் ஊசிக்கு மூடி இறுக்கமான கெட்டி பாட்டில். தண்ணீர் பாட்டில் மெல்லியது, ஊசி துளைத்துவிடும். நாப்கின், டயப்பர் என்றால் தாளில் சுற்றிச் சிவப்புப் புள்ளி. செய்தித்தாள், டேப், மார்க்கர் மூன்றும் சிங்க்குக்கு அடியில் இருந்தால் இரண்டு நிமிட வேலை.

கூடவே ஒரு வார்த்தை. கன்னடத்தில், காலை என்றால் "திண்டி ஆய்த்தா?" (டிபன் ஆச்சா?), மதியம் என்றால் "ஊட்டா ஆய்த்தா?" (சாப்பாடு ஆச்சா?) கேட்டுவிட்டுப் பதிலுக்கு நில்லுங்கள். நடந்துகொண்டே கேட்டால் அது கேள்வியே இல்லை.

பானைக்காரர்_ஃப்ரேசர்டவுன்:
பானை நல்ல யோசனை சார். ஆனா மார்ச்சில் ஆசையா வைச்ச பானை மே மாசத்துல பாசி பிடிச்சுக் கிடக்கிறதை இந்த ஊர்ல நிறையப் பார்க்கலாம். வாங்கிறது ஒரு நாள் வேலை, கழுவுறதுதான் பழக்கம்.

குழாய் வைச்ச பானை, 10 லிட்டர் போதும். பென்சன் டவுன் பக்கத்துல பாட்டரி டவுன்ல கிடைக்கும். உள்ளே பளபளன்னு பூச்சு போட்டது வேண்டாம். பானைச் சுவர்ல கசியற ஈரம் காத்துல ஆவியாகறதாலதான் தண்ணி குளிருது. பூச்சு இருந்தா கசியாது. புதுப்பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணியில ஊறப்போட்டு, அந்தத் தண்ணியைக் கொட்டிடுங்க.

நிழல் வேணும், காத்தும் வேணும். செக்யூரிட்டி ரூமுக்குள்ள மூலையில வைச்சா குளிராது. அடியில அகலத் தட்டுல ஈர மணல். போர்வெல் தண்ணி ஊத்தாதீங்க: அதுல இருக்கிற உப்பு நுண்துளையில படிஞ்சு அடைச்சுடும், ரெண்டு மாசத்துல வெளிப்பக்கம் வெள்ளை பூத்துப் பானை சும்மா பாத்திரமாயிடும். வடிகட்டின காவேரித் தண்ணிதான் ஊத்தணும்.

ரெண்டு நாளுக்கு ஒரு தரம் தேங்காய் நாரால உள்ளே தேய்ச்சுக் கழுவுங்க. சோப்பு தொடக் கூடாது, மண் உறிஞ்சி வச்சிருந்து தண்ணியில விடும். இந்தக் கழுவுறதைத்தான் அக்கா சொன்ன மாதிரி ஏதாவதோட கட்டணும். 48 வீடு இருக்கே, வாரத்துக்கு ஒரு வீடுன்னு முறை போட்டா வருஷத்துல ஒரு தரம்தான் வரும். பொறுப்பு "எல்லாருக்கும்"னு விட்டா யாரும் தொட மாட்டாங்க, பேர் எழுதி ஒட்டுங்க.

வெள்ளைக்கோல்_தோழி:
ஒரு எச்சரிக்கை மட்டும். உதவி கைக்குப் பழகினால் கேட்காமலே பாயத் தொடங்குவோம். சாலையில் பார்வையற்றவரின் கையையோ கோலையோ பிடித்து இழுப்பவர்கள் நல்ல மனதுடன்தான் இழுக்கிறார்கள். இழுபடுபவருக்குத் திசையே போய்விடும். முதலில் குரல் கொடுங்கள், "கூட வரட்டுமா?" வேண்டாம் என்றால் விலகுங்கள். சரி என்றால் உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் அரை எட்டு முன்னே நடங்கள். நம் நடைபாதைக் கல் எழும்பியிருக்கும் இடத்தில் நின்று, "மேலே ஒரு படி" என்று சொல்லிவிட்டு ஏறுங்கள். பிரியும்போது சுவரையோ கம்பத்தையோ தொடவைத்து, "நான் கிளம்புறேன்" என்று சொல்ல வேண்டும். நடுவழியில் சத்தமில்லாமல் விட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

பாணஸ்வாடி_புதுக்குடித்தனம்:
கண்ணாடிப் பொட்டலம் நாளையிலிருந்தே. பானைக்கு முறை போடறேன். பொங்கலுக்கு ரெண்டு வாரம் ஊருக்குப் போவோம், அப்போ யாரும் இல்லைன்னா?

பானைக்காரர்_ஃப்ரேசர்டவுன்:
பக்கத்து வீட்டுக்குக் கைமாத்துங்க. ஆள் கிடைக்கலைன்னா காலி பண்ணி, வெயில்ல காயவைச்சு, கவிழ்த்து வைச்சுட்டுப் போங்க. பாதித் தண்ணியோட விட்டா நீங்க திரும்பறதுக்குள்ள கொசு பொரிச்சுப் பறந்திருக்கும். வந்ததும் மறுபடி ஒரு நாள் ஊறவைச்சுட்டு நிரப்புங்க.