நேஷனாலிட்டி கட்டத்தில் என்ன எழுதினீர்கள்?

நான் பிறந்தது திருச்சி கொட்டப்பட்டு இலங்கை அகதிகள் முகாமில். விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. கொழும்பு விமானத்தின் சத்தம் கேட்டுக்கொண்டே வளர்ந்தோம். அதில் ஏறியவர் எங்கள் வரிசையில் ஒருவரும் இல்லை. அம்மாவும் அப்பாவும் 1990-இல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள்.

பிளஸ் டூ முடித்து பி.காம். சேர ஒரு கல்லூரிக்குப் போனேன். (பெயர் வேண்டாம், இப்போது மாறியிருக்கலாம்.) விண்ணப்பத்தில் நேஷனாலிட்டி என்று ஒரு கட்டம். நான் இங்கே பிறந்தவள்தான். ஆனால் 1987 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் குடியுரிமை. அதனால் இந்தியன் என்று எழுத முடியாது. ஸ்ரீலங்கன் என்று எழுதிக் கொடுத்தேன். கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்போ ஃபாரின் ஸ்டூடண்ட் ஃபீஸ்ல வரும்மா. பாஸ்போர்ட் எங்க?"

என்னிடம் இருந்தது குடும்பத்துக்கான அகதி அட்டை. எல்லாரும் ஒரே போட்டோவில் இருப்போம், லேமினேஷன் ஓரத்தில் பிரிந்திருக்கும். "இதுல நீ எங்க?" என்றார். அம்மா மடியில் இருந்த கைக்குழந்தையைக் காட்டினேன்.

மூன்று முறை அலைந்தேன். மூன்றாம் முறை உள்ளே இருந்து கண்காணிப்பாளர் அம்மா வந்து, பீரோவைத் திறந்து ஒரு பழைய ஃபைலை எடுத்தார். எனக்கு நான்கு வருடம் முன்னால் வாழவந்தான்கோட்டை முகாமிலிருந்து ஒரு அண்ணா அங்கே படித்திருக்கிறார். "இவனுக்கு எப்படிப் போட்டீங்களோ அப்படியே போடுங்க" என்றார். அரை மணி நேரத்தில் சேர்ந்துவிட்டேன். சாதிச் சான்றிதழ் கிடையாது என்பதால் ஓ.சி. (பொதுப் பிரிவு)தான், கட்டணச் சலுகை எதுவும் இல்லை. பாதியை ஈழ அகதிகளுக்கான ஓஃபர் அமைப்பு கட்டியது. (1984-இல் தந்தை செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன் ஐயா தொடங்கியது.)

இன்றும் அந்த அண்ணாவை நான் பார்த்ததில்லை. அவருடைய ஃபைல் மட்டும் இல்லையென்றால் நான் சித்தப்பாவைப் போல பெயின்ட் அடிக்கப் போயிருப்பேன். சித்தப்பா படிப்பில் கெட்டி. 1991-இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு சில வருடம் எங்கள் ஆட்களைக் கல்லூரிகளில் சேர்க்கவே இல்லை. மறுபடி சேர்க்க ஆரம்பித்தபோது அவருக்குப் புத்தகம் மறந்துவிட்டது.

உதவித்தொகை இப்போது பரவாயில்லை. 2021-இல் கலை, அறிவியல் மாணவர்களுக்கு 3,000-இலிருந்து 12,000 ரூபாயாக உயர்த்துவதாக அறிவித்தார்கள். ஆனால் கவுன்டரைத் தாண்டினால்தானே தொகை? உங்களுக்கு எப்படி நடந்தது, எழுதுங்கள். கல்லூரிப் பக்கம் இருப்பவர்களும் சொல்லுங்கள்.

*

மதுரையிலிருந்து, கல்லூரி ஆசிரியர்:

என் தப்பைச் சொல்கிறேன். எங்கள் துறையில் ஒரு பையன் மாதம் இரண்டு நாள் காணாமல் போவான். வேலைக்குப் போகிறான் என்று நினைத்து, 75 சதவீத வருகை இல்லாவிட்டால் காண்டனேஷன் (வருகைக் குறைவுக்கான கட்டணம்) கட்டணும்டா என்று திட்டினேன். தலையைக் குனிந்து நின்றான். அப்புறம் கூடப் படித்த பெண்தான் சொன்னாள்: முகாமில் தணிக்கை நாள் சார், ஆள் நேரில் நிற்கவில்லை என்றால் பணக்கொடை பிடித்துவிடுவார்கள்.

சரி, அந்த நாட்களுக்கு ஓ.டி. (ஆன் டூட்டி, வந்ததாகவே கணக்கு) போட ஏற்பாடு செய்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வகுப்பில் எழுந்து நிற்க வைத்து, "நம்ம ஈழத்துப் பிள்ளை, எல்லாரும் உதவி செய்யணும்" என்று பேசிவிட்டேன். ஒரு வாரம் வரவில்லை. அதுவரை அவன் முகாம் என்று பாதிப் பேருக்குத் தெரியாதாம்.

கடைசி வருடம் கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வானான். ஆவணச் சரிபார்ப்பில் பாஸ்போர்ட் கேட்டார்கள், ஆஃபர் போய்விட்டது. இப்போதெல்லாம் நிறுவனம் வருவதற்கு முன்பே எச்.ஆரிடம் கேட்டுவிடுகிறோம், அகதி அட்டை செல்லுமா செல்லாதா என்று. செல்லாது என்று சொன்னவர்கள் உண்டு. குறைந்தது பிள்ளைகள் ஆசைப்பட்டு ஏமாறுவதில்லை.

*

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கட கதை வேறு. 1995 அக்டோபர் 30 இரவு, ஆமி முன்னேறி வர, யாழ் நகர் உள்ள வலிகாமமே எழும்பிக் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தபோது நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். மழை. நாவற்குழிப் பக்கம் சனம் நகரவே இல்லை. என் குறிப்புக் கொப்பிகள் எல்லாம் வீட்டோடு போயிற்று. கொடிகாமத்தில் எங்கட விரிவுரையாளர் சேரைக் கண்டேன். அவர் சைக்கிள் கரியரில் உடுப்புப் பை இல்லை, பொலித்தீனில் சுற்றிய மார்க்ஸ் ரெஜிஸ்டர்! "தங்கச்சி, உம்முடைய முதல் வருடப் பெறுபேறு என்னட்டை இருக்கு, பயப்படாதையும்" என்றார். பிறகு திரும்பிப் போய்ப் படிப்பை முடித்தேன். அந்த மனிசன் வீட்டிலிருந்து வேறு என்ன எடுத்தார் என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

*

டொராண்டோவிலிருந்து:

இங்கே டபிள்யூ.யூ.எஸ்.சி. (வேர்ல்ட் யூனிவர்சிட்டி சர்வீஸ் ஆஃப் கனடா) என்ற அமைப்பின் திட்டம் ஒன்று 1978 முதல் நடக்கிறது. பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் கட்டணத்தோடு ஆளுக்குச் சில டாலர் சேர்த்துக் கட்ட, அந்தப் பணத்தில் அகதி மாணவர் ஒருவரைக் கனடாவுக்கே அழைக்கிறார்கள். வருபவர் நிரந்தர வதிவிட உரிமையோடு இறங்குகிறார், மேலே அந்த அக்கா பட்ட பாஸ்போர்ட் பாடெல்லாம் இல்லை. எங்கள் குழு கென்யாவின் டடாப் முகாமிலிருந்து வந்த ஒருவரை வரவேற்றது. நாங்கள் குளிர் கோட்டு, வரவேற்பு விருந்து, ஊர் சுற்றல் என்று பட்டியல் போட்டுக்கொண்டு நின்றோம். அவர் இரண்டாம் நாள் கேட்டது ஒன்றுதான்: வாரத்தில் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம், வீட்டுக்குப் பணம் அனுப்ப எது மலிவு. என் அப்பா 1986-இல் வந்திறங்கியபோது கேட்டதும் இதுவேதானாம். விருந்தை ரத்து செய்துவிட்டு ஒரு சீனியரை அவரோடு வங்கிக்கு அனுப்பினோம்.

*

கும்மிடிப்பூண்டியிலிருந்து:

அக்கா, என் தங்கச்சிக்கு இந்த வருடம் பிளஸ் டூ முடிந்தது. நேஷனாலிட்டியில் என்ன போடுவது? கல்லூரியில் போன் எடுக்கவே மாட்டேன் என்கிறார்கள்.

*

முதல் பதிவிட்டவள்:

தம்பி, நான் ஸ்ரீலங்கன் என்று எழுதி, பக்கத்தில் "இலங்கை அகதிகள் முகாம்" என்று சேர்த்தேன். (2021 முதல் "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று பெயர்.) போனில் கேட்காதே, நேரில் போ. அட்டையை இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள். போகும் முன் உங்கள் முகாமில் அந்தக் கல்லூரியில் படித்தவர் யாராவது உண்டா என்று விசாரி. இருந்தால் சேர்ந்த வருடத்தையும் பதிவு எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போ. கவுன்டரில் அதை முதலில் நீட்டு, அட்டையை அப்புறம்.