போலந்தின் லெஷ்னோவில் ஸ்பீட்வே (மண் தடத்தில் நடக்கும் பைக் பந்தயம்) பார்த்தவர்கள் உண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பட்டறைப்பையன்:
போலந்தில் வ்ரோட்ஸ்வாஃப் நகரில் ஐ.டி. வேலை. பைக் ரேஸ் என்றால் எனக்குச் சோழவரமும் இருங்காட்டுக்கோட்டையும்தான். 2018 கோடையில் ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர், “வா, எங்க ஊர்ல நிஜமான ரேஸ் காட்டறேன்” என்று ரயிலேற்றிக் கூட்டிப்போனார். அவர் ஊர் லெஷ்னோ. வ்ரோட்ஸ்வாஃபுக்கும் போஸ்னானுக்கும் நடுவில் இருக்கிறது, மக்கள்தொகை 60,000 சொச்சம். ஸ்டேஷனில் இறங்கியதும் பார்த்தால் பாட்டி முதல் பேத்தி வரை கழுத்தில் வெள்ளை-நீல ஸ்கார்ஃப், அதில் ஒரு காளைத் தலை. ஊனியா லெஷ்னோ அணியை ஊரே ‘காளைகள்’ என்றுதான் கூப்பிடுகிறது. ஜல்லிக்கட்டு ஊர்க்காரனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்!

வண்டியைக் கிட்டே போய்ப் பார்த்தேன். 500 சிசி, ஒற்றை சிலிண்டர், மெத்தனால். கியர் ஒன்றே ஒன்று. பிரேக்கைத் தேடினேன், முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. ஓட்டுபவரின் இடது பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகடு. வளைவில் அந்தக் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு, பின்சக்கரத்தை வெளியே சறுக்கவிட்டு, ஹேண்டிலை வலப்பக்கம் ஒடித்து இடப்பக்கம் திரும்புகிறார்கள். மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டியிருக்கும். ஆள் விழுந்தால் கயிறு இழுபட்டு இன்ஜின் அணைந்துவிடும். அந்தக் கயிற்றைப் பார்த்த பிறகுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

வேறு யாராவது போயிருக்கிறீர்களா?

லெஷ்னோமருமகள்:
போயிருக்கிறேனாவா? நான் வாழ்க்கைப்பட்டதே அந்த ஊரில்தான். கல்யாணமான புதிதில் மாமனார் என்னிடம் கொடுத்த முதல் வேலை, நிகழ்ச்சி அட்டையைப் பிடித்துக்கொள்வது. ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் யாருக்கு 3, யாருக்கு 2, 1, 0 என்று பேனாவால் குறிக்க வேண்டும். மொத்தம் 15 ஓட்டம். ஓர் ஓட்டத்தில் நாலு பேர், நாலு சுற்று. உள்ளூர்க்காரர்களுக்குச் சிவப்பு, நீல ஹெல்மெட், வந்தவர்களுக்கு வெள்ளை, மஞ்சள். ஒருமுறை இரண்டாவது இடத்தையும் மூன்றாவதையும் மாற்றிப் போட்டுவிட்டேன். மாமனார் ஒன்றும் சொல்லவில்லை, அட்டையை மட்டும் மெதுவாக வாங்கிக்கொண்டார். அவரிடம் இப்படிப்பட்ட அட்டைகள் செருப்புப் பெட்டிகளில் வருஷவாரியாக இருக்கின்றன.

கதையெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கிளப் தொடங்கியது 1938-ல், அடுத்த வருஷமே போர். போர் முடிந்து லீக் வந்ததும் 1949 முதல் 1954 வரை தொடர்ந்து ஆறு முறை சாம்பியன். அந்த ஆரம்பத்துக்கு நாயகன் ஆல்ஃபிரெட் ஸ்மோச்சிக், 1949-ன் போலந்து தனிநபர் சாம்பியன். அடுத்த வருஷமே போய்விட்டார். பந்தயத்தில் இல்லை, சாலையில் பைக் விபத்து. இருபத்தியோரு வயது. பிரேக் இல்லாத வண்டியில் பிழைத்தவன் பிரேக் உள்ள வண்டியில் போனான் என்று மாமனார் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். இத்தனைக்கும் அவர் பிறந்ததே அதற்குப் பிறகுதான்! மைதானத்துக்கு ஸ்மோச்சிக் பெயர்தான். அவர் நினைவுப் பந்தயமும் உண்டு.

அப்புறம் கால் நூற்றாண்டு வறட்சி. 1979, 80-ல் மறுபடி பட்டம், 1987 முதல் 89 வரை தொடர்ந்து மூன்று. அது எங்கள் அணி வீரர் ரோமன் யாங்கோவ்ஸ்கி காலம். எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சாதாரணமாகச் சொல்லக்கூடாது.

போஸ்னான்வாசி:
என் கட்சி வேறு. இரண்டு தடவை போனேன், சத்தியமாகப் பிடிக்கவில்லை. ஓட்டம் ஒரு நிமிஷம்கூட இல்லை. அது முடிந்ததும் காத்திரு. கொஞ்ச நேரத்தில் டிராக்டர் வந்து தடத்தைச் சீவும், தண்ணி லாரி வந்து நனைக்கும், மறுபடி காத்திரு. ஒரு நிமிஷச் சோற்றுக்குப் பத்து நிமிஷம் இலை போட்ட மாதிரி. முதல் வளைவில் உட்கார்ந்து தொலைத்தேன், சக்கரம் வாரி அடித்த மண் நேராக என் காபிக்குள். பக்கத்தில் இருந்தவர் சூரியகாந்தி விதை கொறித்துத் தோலை என் ஷூ மேலேயே துப்பிக்கொண்டிருந்தார்.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன், அந்த வாசனை. எரிந்த மெத்தனாலும் எண்ணெயும் ஈர மண்ணும் கலந்து வருமே, அது இன்னும் மூக்கிலேயே இருக்கிறது.

பட்டறைப்பையன்:
@போஸ்னான்வாசி முதல் வளைவில் உட்காரச் சொன்னது யார்? அங்கே விவரம் தெரிந்தவன் உட்காரமாட்டான், இல்லை வெறியன் உட்காருவான்.

என் கஷ்டம் வேறு. நான் இருப்பது வ்ரோட்ஸ்வாஃபில், மனசு லெஷ்னோவில். 2017, 2019 இரண்டு இறுதியிலும் லெஷ்னோ தோற்கடித்தது எங்கள் ஊர் ஸ்பார்தா அணியைத்தான். 2017 முதல் 2020 வரை தொடர்ந்து நாலு பட்டம், கிளப் வரலாற்றில் மொத்தம் 18. ஆபீஸில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மில்டூராமச்சான்:
போலந்துக்கு நான் போனதில்லை. ஆஸ்திரேலியாவில் மில்டூரா பக்கம் திராட்சைத் தோட்ட வேலைக்கு வந்தவன். ஸ்பீட்வே வீரர் லீ ஆடம்ஸ் இந்த ஊர்க்காரர். இங்கே ஒரு கடையில் போலந்துக்காரர் ஒருவர் அவர் பெயரைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றியதைப் பார்த்து விழித்தேன். இப்போதுதான் காரணம் புரிகிறது.

லெஷ்னோமருமகள்:
@மில்டூராமச்சான் சரியான ஆளைப் பிடித்தீர்கள்! 2007, 2010 இரண்டு பட்டத்திலும் ஆடம்ஸ் எங்கள் அணி. பத்து வருஷத்துக்கும் மேல் காளைச் சட்டை போட்டவர். 2010-ல் ஓய்வு பெற்றார், அடுத்த வருஷம் உங்கள் நாட்டுப் பாலைவன ரேஸுக்குப் பயிற்சி எடுக்கும்போது விழுந்து முதுகெலும்பு போய்விட்டது. அன்று மாமனார் சாப்பிடவில்லை.

2024-ஐப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கடைசி இடம், இரண்டாம் பிரிவுக்கு இறங்கினோம். சீசன் டிக்கெட் வேண்டுமா என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, “கோயில்ல விளக்கு எரியலன்னா போகாம இருப்பியா” என்று நான் தமிழிலேயே கேட்டேன். மாமனாருக்குப் புரியவில்லை, ஆனால் தலையாட்டினார். 2025-ல் மேலே ஏறிவிட்டோம். அந்த வருஷத்து அட்டைகளுக்கு மட்டும் தனியாக ஒரு புதுப் பெட்டி.

போஸ்னான்வாசி:
சரி, மூன்றாவது தடவை வருகிறேன். எங்கே உட்காரட்டும்?

லெஷ்னோமருமகள்:
நேர்பாதைப் பக்கம், மேல் வரிசை. காபிக்கு மூடி போட்டு வாங்குங்கள். பேனா கொண்டுவாருங்கள், மாமனார் இரவல் தரமாட்டார்.