டர்போ காரில் பிளக் நிறம் மாறியிருந்தால்: கழற்றிப் பார்த்தவர்கள் சொல்வது

ஸ்பார்க் பிளக்கின் வெளிப்பக்க வெள்ளைப் பீங்கானில், இரும்பு உடம்பை ஒட்டி மேலே ஒரு பழுப்பு வளையம். டர்போ வண்டியில் பிளக் கழற்றுகிறவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். "கம்ப்ரஷன் வெளியே வருது சார்" என்று செட்டையே மாற்றிவிடும் கடைகளும் உண்டு. அது வெறும் கொரோனா கறை. உயர் மின்னழுத்தம், சுற்றியுள்ள காற்றில் இருக்கும் எண்ணெய்த் துகளை இழுத்துப் பீங்கானில் ஒட்ட வைக்கிறது. அதனால் எஞ்சினுக்கு ஒரு கெடுதலும் இல்லை. வாஷரும் மரையும் கரியேறியிருந்தால் மட்டும் பிளக் லூஸாக இருந்ததா என்று பாருங்கள்.

பயப்பட வேண்டிய கறை வேறு. பென்சிலால் கிழித்த மாதிரி, பீங்கானில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. ஸ்பார்க் உள்ளே குதிக்காமல் வெளிப்பக்கமாக இறங்கி பாடிக்கு ஓடிய தடம் அது. பூஸ்ட் (டர்போ அழுத்தித் தள்ளும் காற்று) ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது, இரண்டு எலக்ட்ரோடு முனைக்கு நடுவே உள்ள கேப்பைத் தாண்ட அதிக வோல்டேஜ் தேவைப்படுகிறது. அந்த நேரத்தில் வெளிவழி சுலபமாகிவிடுகிறது. அதனால் ஐடிலில் வண்டி சாதுவாக நிற்கும். நாலாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் அழுத்தி மிதித்தால் குலுக்கும். காயிலின் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) ரப்பர் பூட்டை, அதாவது பிளக்கின் மேல் மாட்டும் உறையைத் திருப்பி உள்ளே பாருங்கள், அதே கோடு அங்கேயும் இருக்கும். பிளக்கை மட்டும் மாற்றினால் பூட்டில் உள்ள தடம் புது பிளக்கிலும் கோடு போட்டுவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

———

முதலில் பேசிய அண்ணன் சொன்னது பிளக்கின் வெளிப்பக்கம். உள்பக்கத்துக்கு வருவோம். நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எல்லா பிளக்கையும் சிலிண்டர் வரிசைப்படி ஒரு அட்டையில் குத்தி வையுங்கள். எல்லாம் ஒரே மாதிரி மாறியிருந்தால் காற்று, பெட்ரோல், சென்சார் பக்கம் போக வேண்டும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் அந்த சிலிண்டரின் காயில், இன்ஜெக்டர், வால்வ் சீல், ரிங். இந்த ஒரு வேலையிலேயே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

எல்லாமே உலர்ந்த கறுப்புக் கரி என்றால் டர்போவில் முதல் சந்தேகம் பூஸ்ட் லீக். காற்றை மாஃப் சென்சாரில் அளக்கும் வண்டியில், அளந்து முடித்த காற்று இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விப்பது) ஹோஸ் வழியாக வெளியே போய்விடும். இசியூ (எஞ்சினின் கணினி) அந்தக் காற்றுக்கும் சேர்த்து பெட்ரோல் ஊற்றும், கலவை ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆகிவிடும். இசியூ பெட்ரோலைக் கூட்டினால் பிளஸ், குறைத்தால் மைனஸ் காட்டும் ஃபியூயல் ட்ரிம்மை ஸ்கேனரில் பார்த்தால் புரியும். த்ராட்டிலுக்கு (காற்றுக் கதவு) முன்னால் உள்ள ஹோஸ் கிழிந்திருந்தால் ஐடிலில் ட்ரிம் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், பூஸ்ட்டில் மைனஸுக்குப் போகும். த்ராட்டிலுக்குப் பின்னால் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் குழாய்) லீக் என்றால் ஐடிலில் காற்றை உள்ளே உறிஞ்சும், ட்ரிம் பிளஸ். பூஸ்ட்டில் அதே ஓட்டை காற்றை வெளியே தள்ளும், ட்ரிம் மைனஸ். ஓட்டை ஒன்றுதான், இரண்டு பக்கமும் காட்டும். ட்ரிம் 10 சதவீதத்தைத் தாண்டினால் தேட ஆரம்பியுங்கள். மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை மட்டும் நம்பும் வண்டியில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே லீக் இருந்தாலும் கலவை பெரிதாகக் கெடாது, பிக்கப் குறையும், டர்போ கூடுதலாகச் சுற்றும்.

சோதிக்க டர்போ வாயை அடைத்து ரெகுலேட்டர் வழியாக 10 முதல் 15 பிஎஸ்ஐ வரை காற்று விட்டு, சோப்புத் தண்ணீர் அடித்தால் போதும். கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிப்பகுதி) பிரீதர் பைப்பை முதலில் அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் காற்று கிராங்க்கேஸுக்குள் இறங்கி ஆயில் சீலைத் தள்ளிவிடும். கிளாம்ப், ஹோஸ் முனையின் ஓ ரிங், டைவர்ட்டர் வால்வின் (மிதியை விட்டதும் பூஸ்ட்டைத் திருப்பி விடுவது) டயாஃப்ரம்: நுரை வருவது பெரும்பாலும் இந்த மூன்று இடத்தில்தான்.

———

கரிக்கு லீக்தான் காரணம் என்று முடிவு கட்டுமுன் ஓட்டும் பழக்கத்தையும் கேளுங்கள். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் எஞ்சின்களில், குளிர்ந்த நிலையில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துவதே வழக்கமாக இருந்தால் நல்ல பிளக்கும் கறுக்கும். சிலிண்டருக்குள் நீட்டியிருக்கும் பீங்கான் மூக்கு சுமார் 450 முதல் 500 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். பைபாஸில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, ஐடிலில் போட்டு வைக்காமல் அணைத்து, எஞ்சின் ஆறிய பிறகு கழற்றிப் பாருங்கள். டிராஃபிக்கில் ஊர்ந்து வந்த பிளக்கின் நிறத்தை நம்பி எதையும் மாற்றாதீர்கள்.

———

ஈரக் கறுப்பு, விரலில் பிசுபிசுப்பு என்றால் ஆயில். உடனே "டர்போ போச்சு" என்பார்கள். டர்போவின் எக்ஸாஸ்ட் பக்க சீல் போனால் ஆயில் நேராகச் சைலன்ஸருக்குப் போய் நீலப்புகை வரும், பிளக் சுத்தமாகவே இருக்கும். கம்ப்ரஸர் பக்கம் போனால்தான் இன்டர்கூலர் வழியாக பிளக்குக்கு வரும், அதுவும் எல்லா சிலிண்டருக்கும். பைப்பில் மெல்லிய ஆயில் படலம் சாதாரணம். குளமாகத் தேங்கியிருந்தால்தான் பிரச்சினை. அப்போதும் கிராங்க்கேஸ் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வையும் டர்போவின் ஆயில் ரிட்டர்ன் பைப்பையும் பார்க்காமல் டர்போவுக்கு விலை கேட்காதீர்கள். கிராங்க்கேஸில் அழுத்தம் கூடினால் டர்போ ஆயில் கீழே வடியாமல், நல்ல சீலையும் தாண்டி வரும்.

ஒரே சிலிண்டர் ஈரம் என்றால் கம்ப்ரஷன் டெஸ்ட், பிறகு லீக் டவுன் (சிலிண்டருக்குள் காற்றை விட்டு எங்கே கசிகிறது என்று பார்ப்பது). உள்பக்கப் பீங்கான் மூக்கில் ஈரமில்லை, மேல் மரையிலும் காயில் பூட்டிலும் மட்டும் ஆயில் என்றால் டேப்பட் கவரின் பிளக் குழி சீல்தான். விலை குறைந்த வேலை.

———

வெள்ளை பற்றி யாரும் சொல்லவில்லையே. சாம்பல் கலந்த வெளிர் நிறம் நல்லதுதான். எத்தனால் கலந்த பெட்ரோலில் பிளக் இன்னும் வெளுத்துத் தெரியும். சுண்ணாம்பு வெள்ளையாகி, பீங்கானில் கொப்புளம், எலக்ட்ரோடு முனை மழுங்கல் என்றால் லீன் (பெட்ரோல் குறைவு) அல்லது அதிகச் சூடு. பீங்கானில் மிளகுத்தூள் போலக் கறுப்புப் புள்ளிகளோ பளபளக்கும் அலுமினியத் துளிகளோ இருந்தால் அன்றே ஓட்டுவதை நிறுத்த வேண்டும், பிஸ்டன் உருகத் தொடங்கியிருக்கலாம்.

பீங்கான் மூக்கு உடைந்திருந்தால், குறைந்த ஆர்பிஎம்மில் முழு பூஸ்ட் கொடுக்கும்போது வரும் முன்பற்றலை, அதாவது ஸ்பார்க்குக்கு முன்பே கலவை தானாகப் பற்றுவதைச் சந்தேகியுங்கள். டாப் கியரில் 1,500-ல் மிதிக்கும் பழக்கமே இதற்குத் தூண்டுதல். ஆயிலும் காரணமாகும், 2020-ல் வந்த ஏபிஐ எஸ்பி (API SP) என்ற எஞ்சின் ஆயில் தரத்தில் இதற்கென்றே சோதனை உண்டு, டப்பாவில் அந்த எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

ரீமேப் செய்த (இசியூ மென்பொருளை மாற்றி பவர் கூட்டிய) வண்டிக்கு ஒரு படி கோல்டு பிளக் (சூட்டை வேகமாகக் கடத்தி விடுவது) போடுவார்கள். என்ஜிகே, டென்சோவில் எண் ஏறினால் கோல்டு. பாஷில் எண் இறங்கினால் கோல்டு. இதில் குழம்பி நேர் எதிராக வாங்கிப் போட்ட வண்டிகள் வருகின்றன.

செங்கல் நிறப் படிவு? பெட்ரோலில் ஊற்றிய ஆக்டேன் பூஸ்டர். நிறுத்திவிடுங்கள்.

———

கழற்றி மாட்டும்போது கவனிக்க: குழிக்குள் ஏர் அடித்து மண்ணை ஊதிய பிறகே கழற்ற வேண்டும். டர்போ எஞ்சின்களில் கேப் பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மி.மீ.; மேனுவல் சொல்வதே இறுதி. இரிடியம் முனையில் கம்பி பிரஷ் வேண்டாம், நாணய வடிவ கேஜை நுழைத்து நெம்பவும் வேண்டாம், முனை முறிந்துவிடும். வயர் கேஜால் அளந்து, வளைப்பதாக இருந்தால் தரை எலக்ட்ரோடை மட்டும் வளையுங்கள். அலுமினிய ஹெட்டில் வாஷர் உள்ள 14 மி.மீ. மரைக்கு டார்க் (இறுக்கும் விசை) 25 முதல் 30 என்எம் (நியூட்டன் மீட்டர்), 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20. மரையில் ஆன்டி சீஸ் (மரை ஒட்டிக்கொள்ளாமலிருக்கத் தடவும் பசை) தடவினால் அதே டார்க்கில் பிளக் அதிகமாக இறுகி மரை இழுபடும், அதனால் உலர்ந்த மரையே போதும். டைஎலக்ட்ரிக் கிரீஸ் பூட்டின் வாய் விளிம்பில் மட்டும், துளி.